பவளத்தைச் சுட்டவர்கள், பூசிக்கொண்டவர்கள்

"மன்னார் வளைகுடா தீவுகளைக் கரையோர மக்களிடமிருந்து காப்பாற்ற வேண்டும்."

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து, பயிற்சிக் கூட்டங்களிலும் கருத்தரங்குகளிலும் இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பவளப்பாறை வெளுத்துச் சாவதைப் பார்த்து உண்மையிலேயே வருந்துகிறவர்கள். ஆனால் அந்த "மக்கள்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று துருவிக் கேட்டுப் பாருங்கள். விசைப்படகு முதலாளி அதில் இருக்கமாட்டார். தூத்துக்குடி ஆலைகள் இருக்காது. கழுத்தளவு தண்ணீரில் பாசி அறுக்கும் பெண் இருப்பார். கடலட்டைக்கு மூழ்கியவர் இருப்பார். ஒரு காலத்தில் பவளக்கல் பெயர்த்தவரின் பேரன் இருப்பார். இவர்களுக்கு இந்த வேலை எப்படி வந்தது, சாதிக்கும் இந்தத் தீவுகளுக்கும் என்ன உறவு என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது.

முதலில் தீவுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலேயே, 21 சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. மண்டபம் குழுவில் 7, கீழக்கரை குழுவில் 7, வேம்பார் குழுவில் 3, தூத்துக்குடி குழுவில் 4. எல்லாம் பவளச் சல்லியும் மணலும் சேர்ந்து எழுந்தவை. எல்லாவற்றையும் கூட்டினாலும் நிலம் சுமார் 6 சதுர கிலோமீட்டர்தான் தேறும். ஆனால் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள், கடற்புல் வெளிகள், ஆமைகள், ஆவுளியா என்று நம் ஆட்கள் சொல்லும் கடற்பசு எல்லாம் உண்டு. பெரிய அலை கரைக்கு வருமுன் அதன் வேகத்தை உடைப்பவையும் இந்தப் பார்கள்தான்.

பெயர்களைக் கொஞ்சம் பாருங்கள். நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு. அங்கே போய் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர் வைத்த பெயர்கள் என்று கேட்டவுடன் தெரிகிறது. ஆனைப்பார், காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, முயல் தீவு, புள்ளிவாசல். எங்கே பார் இருக்கிறது, எங்கே சல்லி குவிந்திருக்கிறது என்பதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அரசாங்க வரைபடத்தில் இன்றைக்கும் இருப்பவை இந்தப் பெயர்கள்தான். பெயர் வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கால் வைத்தால் அத்துமீறல்.

இந்தக் கடலையும் இந்த மக்களையும் பதிவு செய்த வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1890இல் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குக்குளிப்பு, கடல் உயிரினங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே தர்ஸ்டன்தான் 1909இல் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் கொண்டுவந்தவர். நம் பாட்டன்மார்களின் மூக்கை அளந்து எழுதியவரும் அவரே. புழுவையும் சிப்பியையும் வகை பிரித்த அதே கை, மனிதர்களையும் வகை பிரித்து வைத்தது. அந்த ஏழு தொகுதிகளில் "கடையன்" என்று ஒரு பதிவு இருக்கிறது. கடைசி, கடைநிலை என்ற பொருளில் வந்த பெயர் என்றும், இராமேசுவரம் பகுதியில் சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள் என்றும், முத்துக்குளிப்பவர்களில் ஒரு பகுதியினர் இவர்களிலிருந்து வருகிறார்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறது.

அந்தப் பெயரைச் சொல்லி அழைக்கப்பட விரும்பாதவர்கள் இன்று பலர். அது அவர்களுடைய உரிமை. ஒரு வரலாற்று உண்மைக்காகவே இதைச் சொல்கிறேன். "கடையன்" என்பது தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகள் பட்டியலிலும் இருக்கிற பெயர். சுண்ணாம்பு சுடுவது அவர்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த தொழில் இல்லை. சூளைப் புகையும், கையை அரிக்கும் நீற்றுச் சுண்ணாம்பும், மூச்சடக்கி மூழ்குவதும் மற்றவர்கள் தொட மறுத்த வேலைகள். மலம் அள்ளுவது, தோல் பதனிடுவது, பறை அடிப்பது எப்படிச் சிலர் தலையில் கட்டப்பட்டதோ, அப்படித்தான் கடலடிக் கல்லும் சிலர் தலையில் கட்டப்பட்டது. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் வாதிட்டார். அந்த வாதத்துக்குக் கடலோரத்தில் ஆதாரம் தேடினால் சுண்ணாம்புச் சூளைதான் கிடைக்கும்.

சுட்ட சுண்ணாம்பு எங்கே போனது? வீட்டுச் சுவருக்குப் போனது, கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் போனது, வெற்றிலையில் தடவப் போனது. தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த முறை போனால் சுவரை உற்றுப் பாருங்கள், பவளக்கல் தெரியும். அதைக் கடலிலிருந்து பெயர்த்தவர் யார் என்று அங்கே எந்தப் பலகையும் சொல்லாது. பிறகு தொழிற்சாலைக் காலம் வந்தது. 1960களிலும் 70களிலும் சிமெண்டுக்கும் கால்சியம் கார்பைடுக்கும் சுண்ணாம்புக்கும் மூலப்பொருளாக ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் பவளம் இந்தக் கடலிலிருந்து வெட்டப்பட்டது. வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பெயர்த்தவருக்குக் கிடைத்தது அன்றைய கூலி. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் இன்று நீருக்கடியில். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு பெரும்பகுதியை இழந்து சுருங்கிப்போய், அதைச் சுற்றிக் கான்கிரீட்டால் செயற்கைப் பார்கள் இறக்க வேண்டிய நிலை வந்தது. பவளம் வெட்டியது இதற்கு ஒரு முக்கியமான காரணம். அதில் எனக்கு மறுப்பு இல்லை. வெட்டுவதை நிறுத்தியதும் சரிதான்.

என் கேள்வி, நிறுத்திய விதம் பற்றியது. 1986இல் இந்த 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. 2001இல் எல்லாப் பவளங்களும் கடலட்டைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதாவது புலிக்கு இணையான பாதுகாப்பு. முதல் அட்டவணைக் குற்றத்துக்குக் குறைந்தது மூன்றாண்டு, அதிகம் ஏழாண்டு சிறை. நேற்றுவரை தொழில், இன்று குற்றம். இடையில் மாற்றுத் தொழில் என்ன, கடன் என்ன ஆகும், பிள்ளைகளின் படிப்பு என்ன ஆகும் என்று சட்டம் கேட்கவில்லை. பல்லாயிரம் டன் பவளத்தை வாங்கி எரித்த ஆலைகளிடம் ஒரு தீவுக்கான நட்ட ஈட்டைக்கூட யாரும் கேட்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவத்தின் லாபம் மேலே போனது, பழி கீழே தங்கிவிட்டது.

பாசி எடுக்கும் பெண்களின் கதையும் இதை ஒட்டியதுதான். இராமநாதபுரம் கரையில் ஆயிரக்கணக்கான பெண்கள் கடற்பாசி எடுத்துக் குடும்பம் நடத்துகிறார்கள். பல சாதிகளையும் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் சொந்தப் படகு இல்லாதவர்கள், ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காலில் தகடு கட்டிக்கொண்டு மூழ்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் பருவமும் அவர்களுக்குத் தெரியும். மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட். நாம் சாப்பிடும் ஐஸ்கிரீமில், துணிக்குச் சாயம் அச்சிடுவதில், ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது இந்தப் பெண்கள் மூச்சடக்கி எடுத்தது. கடலைக் காக்க வேண்டும் என்று ஆய்வுக்கட்டுரை எழுதுகிறவரின் மேசையிலும் அது இருக்கும்.

அக்கா ஒருவரிடம், பவளத்தைப் பாசி எடுப்பவர்கள் மிதித்து உடைக்கிறார்கள் என்று சொல்கிறார்களே என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "உடையுறதும் உண்டு தங்கச்சி, இல்லன்னு சொல்லமாட்டேன். அதுக்குத்தானே இரும்பு எதுவும் கொண்டுபோகக் கூடாதுன்னு நாங்களே பேசி வச்சிருக்கோம். பாசிய அடியோட புடுங்குனா அடுத்த மாசம் என் வீட்டுலதான் உல கொதிக்காது. ஆபீசர் வீட்டுல கொதிக்கும்" என்றார்.

அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் நிறுத்துவது, இரும்புக் கருவி வேண்டாம் என்பது, சின்னப் பாசியை விட்டுவிடுவது. இவற்றைப் பெண்கள் சங்கமாகக் கூடிப் பேசித் தமக்குத் தாமே விதித்துக்கொண்டார்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி எடுக்கும் தொழிலாளி லட்சுமி மூர்த்திக்கு, அமெரிக்காவிலிருந்து இயங்கும் தீவுப் பாதுகாப்பு அமைப்பான சீகாலஜி 2015இல் தன் விருதைக் கொடுத்தது. தீவுகளைப் பாதுகாப்பவர்களுக்கு உலக அளவில் கொடுக்கப்படும் விருது அது. கலிபோர்னியாவில் மேடையேற்றப்பட்ட அதே வேலை இங்கே பூங்கா எல்லைக்குள் நடந்தால் வழக்கு.

இனி, பூங்காவுக்குள் யார் போகலாம் என்று சட்டம் சொல்வதைப் பார்ப்போம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, அனுமதிச் சீட்டு எதற்கெல்லாம் கொடுக்கலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. வன உயிர் ஆய்வு, புகைப்படம் எடுத்தல், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே வசிப்பவரோடு சட்டபூர்வமான வணிகம். கேமராவோடு வருகிறவருக்கு வழி இருக்கிறது. பையோடு வருகிறவருக்கு இல்லை. பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு இப்போது சுற்றுலாப் படகு போகிறது. சுற்றுலா வரட்டும், பிள்ளைகள் பவளத்தைப் பார்க்கட்டும். ஆனால் காசு கொடுத்து வேடிக்கை பார்க்க வருகிறவரின் கால் தீவைக் கெடுக்காது, வயிற்றுப்பாட்டுக்கு வருகிறவரின் கால் கெடுத்துவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க் குளங்களைப் பற்றியும் இப்படித்தானே நம்பினார்கள்? மகாத்தில் ஆடுமாடு குடித்த குளத்தில் நாம் குடிக்கக் கூடாது என்றார்கள். அதற்காகத்தான் அம்பேத்கர் 1927இல் அங்கே போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

இதே சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. 1991 திருத்தத்தில் வந்த 26அ. சரணாலயத்துக்குள் கடற்பரப்பைச் சேர்க்கும்போது, உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே எல்லையை முடிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. நாடாளுமன்றம் எழுதி வைத்ததுதான் இது. கூட்டங்களில் நான் இதைச் சொல்லும்போது, வந்திருக்கும் பெண்களில் பெரும்பாலோர் முதல் முறையாகக் கேட்கிறார்கள். தண்டனைப் பிரிவு மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

உண்மையில் இந்தப் பவளத்தை இப்போது கொல்வது எது? மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி. ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனத்தின் முயற்சியில் சுமார் 2000ஆம் ஆண்டுவாக்கில் மண்டபம் பகுதியில் வணிக அளவில் வளர்க்கத் தொடங்கினார்கள். 2008இல் அது குருசடைத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூடிய இடத்தில் வெளிச்சம் இல்லாமல் பவளம் சாகிறது. அதைப் பிடுங்கி அகற்றும் வேலை இன்றுவரை நடக்கிறது. கையால் பாசி அறுத்த பெண் குற்றவாளி. பவளத்தின் மேல் படரும் பாசி "வாழ்வாதாரத் திட்டம்". 2021 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்குக் கடற்பாசிப் பூங்கா என்று அறிவித்தார்கள். பாசி வளர்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பாசி, எங்கே, யாருக்கு லாபம் என்று கடலுக்குள் இறங்குகிற பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

இரண்டு, தூத்துக்குடி. மன்னார் வளைகுடாவிலிருந்து 25 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு விதித்த நிபந்தனை. ஆலை 14 கிலோமீட்டரில் இருப்பதாக 1998இல் நீரி ஆய்வு நிறுவனம் சொன்னது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, 100 கோடி ரூபாய் கட்டச் சொல்லி ஆலையைத் தொடர விட்டது. ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது 2018 மே 22 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 பேர் செத்தார்கள். எல்லை மீறிய ஆலைக்கு அபராதம், எல்லை மீறிய வள்ளத்துக்குப் பறிமுதல், கேள்வி கேட்டவருக்குத் தோட்டா.

மூன்று, கடல் சூடாவது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் இங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. மின்விசிறிகூட இல்லாத குடிசையில் வாழ்பவர் கடலைச் சூடாக்கவில்லை.

இவற்றோடு சேது சமுத்திரத் திட்டத்தையும் நினைவில் வையுங்கள். 2005இல் வேலை தொடங்கியபோது, பார் போகும், மீன் போகும், கலங்கல் வரும் என்று மீனவர் அமைப்புகள் கத்தின. கடைசியில் நாடே விவாதித்தது இராமர் பாலத்தைத்தான். 2007இல் நீதிமன்ற உத்தரவால் அந்தப் பகுதியில் வேலை நின்றபோது நமக்கு நிம்மதிதான். ஆனால் பவளத்துக்காகவோ பாசி எடுக்கும் பெண்ணுக்காகவோ ஒரு திட்டம் நின்றது என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பு அப்போதும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆள் இல்லாத தீவுதான் தூய்மையான தீவு என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் நடுவில் சாகோஸ் தீவுகள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே வாழ்ந்தார்கள். டியேகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக 1968க்கும் 1973க்கும் இடையில் பிரிட்டன் அவர்கள் அனைவரையும் வெளியேற்றியது. 2010இல் அதே பிரிட்டன் அந்தக் கடலை உலகின் மிகப்பெரிய கடல் பாதுகாப்புப் பகுதிகளில் ஒன்றாக அறிவித்தது. ராணுவத் தளத்தைச் சுற்றியுள்ள கடலுக்கு மட்டும் விலக்கு. அந்த ஆண்டு இறுதியில் கசிந்த அமெரிக்கத் தூதரகத் தகவல் ஒன்று, பாதுகாப்புப் பகுதி வந்தால் பழைய குடிகள் திரும்பி வருவது கடினமாகும் என்று பிரிட்டிஷ் அதிகாரி பேசியதை வெளிக்கொண்டு வந்தது. 2015இல் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் அந்த அறிவிப்பு கடல் சட்டத்துக்கு முரணானது என்று சொன்னது. ஆமையின் பெயரைச் சொல்லி மனிதரை வெளியே வைக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

ஊரின் தூய்மைக்காகச் சேரியைத் தள்ளி வைத்த நாட்டில் வாழ்கிறோம். இயற்கையின் தூய்மைக்காக யாரைத் தள்ளி வைப்பது என்று முடிவு செய்யும்போது அந்தப் பழக்கம் நம் கையை விட்டுப் போய்விடுமா? சாதியை எழுதாத சட்டம்கூட, சாதி ஏற்கெனவே அடுக்கி வைத்த சமூகத்தின் மேல்தான் வந்து விழுகிறது. அடியில் இருப்பவர் மேல்தான் அதன் முழு எடையும் இறங்குகிறது.

அந்த அடியில் இருப்பவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ள ஓர் ஏடும் இல்லை. பழங்குடிப் பட்டியலில் அவர் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களுக்கும் பொருந்தும்தான். ஆனால் காட்டில் வசிப்பவரை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. கரையில் குடியிருந்து கடலில் பிழைப்பவருக்கு அதில் தெளிவான இடம் இல்லை. கத்தோலிக்கராக இருந்தால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சான்றிதழும் கிடையாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டவர். அவரைக் கடையராக நடத்திய ஊருக்கு மதம் தடையாக இல்லை, சான்றிதழுக்கு மட்டும் தடையாகிவிட்டது. 2022இல் அமைத்த பாலகிருஷ்ணன் ஆணையம் மதம் மாறிய தலித்துகளின் நிலையை ஆராயும்போது, சுண்ணாம்புச் சூளையின் வரலாற்றையும் கேட்டிருக்க வேண்டும் என்பது என் விருப்பம். படகு இல்லாத பெண்ணோ "மீனவர்" என்ற அட்டைக்கே போராட வேண்டியிருக்கிறது. நான் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களில் "தொழில்" என்ற கட்டத்தில் பாசி எடுத்தல் என்று எழுதியதும், "இப்படி ஒரு தொழிலே பட்டியலில் இல்லையே" என்ற பதில்தான் பலமுறை வந்தது. தண்டிக்கும்போது தெரிகிற தொழில், அட்டை கேட்கும்போது தெரிவதில்லை.

சமூகவியல் முதுகலை படித்தபோது எங்களுக்கு "சூழலியலும் சமூகமும்" என்று ஒரு பாடம் இருந்தது. காடு, புலி, பழங்குடி, அணை எல்லாம் பேசினோம். நல்ல பாடம்தான். அதில் கடல் இல்லை. சாதியும் இல்லை. சாதி வேறு தாளில், வேறு பருவத்தில் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது கடற்கரை.

நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடுகிறோம். 1892 ஆணையைத் தேடி எடுத்து, புல எண்ணைப் பார்த்து, யார் பெயரில் பட்டா மாறியது என்று கண்டுபிடிக்கிறோம். அந்தப் போராட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் புல எண்ணே இல்லாத கடலில் பிழைக்கும் நம் மக்களைப் பற்றி நாம் என்ன தீர்மானம் போட்டிருக்கிறோம்? மண்டபம் முதல் வேம்பார் வரை உள்ள கரையில் நம் கூட்டங்கள் எத்தனை நடந்திருக்கின்றன? கடல் என்றால் அது மீனவர் பிரச்சினை, தீவு என்றால் அது சூழலியலாளர் பிரச்சினை என்று ஒதுங்கினால், நம்மில் ஒரு பகுதியை நாமே விட்டுவிட்டவர்கள் ஆவோம்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்துக் கடலையே காட்டலாம். 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அது தேசியப் பூங்கா இல்லை. அதே வன உயிரினச் சட்டத்தின் 36அ பிரிவில் வரும் வகை. உள்ளூர் மக்களிடம் கலந்து பேசித்தான் அறிவிக்க முடியும். மேலாண்மைக் குழுவில் ஊராட்சிப் பிரதிநிதி இருக்க வேண்டும். வலையில் சிக்கிய ஆவுளியாவை அவிழ்த்துக் கடலில் விட்ட மீனவர்களுக்கு அரசு பணமும் பாராட்டும் கொடுக்கிறது. அதிலும் குறைகள் இருக்கும். ஊராட்சிப் பிரதிநிதி எந்தத் தெருக்காரர் என்பதையும் நாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கடலில் இருப்பவரைக் காவலராகப் பார்க்கும் சட்ட வழி ஒன்று இருக்கிறது, அதை அரசே பயன்படுத்தியிருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாகவே வைப்போம். 26அ பிரிவு சொல்லும் "தொழில் நலன் காக்கும் நடவடிக்கை" மன்னார் வளைகுடாவில் என்ன எடுக்கப்பட்டது என்று ஊர் ஊராக வெளியிட வேண்டும். பாசி எடுக்கும் பெண்களைத் தொழிலாளர்களாகப் பதிவு செய்து, அவர்கள் விதித்துக்கொண்ட விதிகளையே அனுமதியின் நிபந்தனைகளாக ஏற்க வேண்டும். பூங்காவை நிர்வகிக்கும் இடத்தில் அவர்களுக்கு வாக்குரிமையுள்ள நாற்காலி வேண்டும். பவளம் வெட்டியும் கடலட்டைக்கு மூழ்கியும் பிழைத்து, தடைக்குப் பின் தொழில் இழந்த குடும்பங்களின் கணக்கெடுப்பு சாதிவாரியாக நடக்க வேண்டும், மறுவாழ்வும் அதன்படி வேண்டும். ஆலைகளின் கழிவுக்கும் விசைப்படகுகளின் இழுவலைக்கும் பூங்கா எல்லையில் என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்ற கணக்கு, பாசிப் பைகளின் கணக்கோடு ஒரே தாளில் வர வேண்டும்.

பவளம் பிழைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. அது பிழைத்தால்தான் அந்தக் கரையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் பிழைப்பு. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் மூழ்கியதற்குக் கணக்குக் கேட்கத் தொடங்கினால் முழுக் கணக்கையும் கேளுங்கள். சூளையில் நின்றவரிடம் கேட்டுவிட்டீர்கள், சிறையும் கொடுத்துவிட்டீர்கள். வெள்ளையடித்த சுவர்களுக்குச் சொந்தக்காரர்களிடம் இன்னும் யாரும் போகவில்லை.